கோல்பிக்கு எடுத்துவைத்த உடுப்புகள்

பருத்தி நல்ல துணிதான். சோபாவில் சாய்ந்துகொண்டு பேஸ்பால் பார்ப்பதற்கு அதைவிடச் சுகமானது கிடையாது. ஆனால் செப்டம்பரில் வில்லைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவன் உடம்பில் ஒரு முழம் பருத்திகூட இருக்கக் கூடாது, உள்ளாடை உட்பட. இதை இருபத்தாறு வருஷமாக இந்த ஊர் வேட்டைச் சாமான் கடையில், கவுண்டருக்குப் பின்னால் நின்று சொல்லிவருகிறேன். டெபுடி ஷெரிப் ரோண்டா பிக்கெட், உங்களுக்கும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அன்றைக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மலை பூட்ஸ் வாங்க வந்திருந்தீர்கள்.

இந்த மஞ்சள் தாள்கட்டைக் கொடுத்து, "மெர்ல், நடந்தத நடந்தபடி எழுதுங்க. அவசரமில்ல" என்றீர்கள். அவசரமில்லை என்கிறீர்கள், ஆனால் மேஜைக்கு அடியில் உங்கள் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. வெளியே நடையில் ஜனெல் உட்கார்ந்திருப்பதும் எனக்குத் தெரியும். அவளுக்கு வேண்டிய பதில் ஒன்றே ஒன்று. அதற்கும் வருகிறேன். முதலில் உடுப்பு விஷயம். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

கோல்பி ராஸ்க், வயது முப்பத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறவன். ஜனெலின் கணவன். ஐந்து வருஷமாக என் வேட்டைக் கூட்டாளி. மலைக்குப் போய் இன்றோடு பதினோரு நாள். தேடப் போனவர்கள் அறுபது பேர், நாய்கள் நான்கு, ஹெலிகாப்டர் ஒன்று. இதுவரை ஒரு தொப்பிகூடக் கிடைக்கவில்லை.

செப்டம்பர் ஒரு குறும்புக்கார மாதம். மதியம் சட்டையைக் கழற்றி எறியலாம் போலிருக்கும். விடியும்போது பார்த்தால் புட்டியில் தண்ணீர் உறைந்து கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டுக்கும் பயந்துகொண்டு வீட்டு அலமாரியையே முதுகில் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். நாலாவது மைலில் நாக்குத் தள்ளும். அங்கே உட்கார்ந்து மனைவி கொடுத்துவிட்ட பையைத் திட்ட ஆரம்பிப்பார்கள்.

சரியான கணக்கு இதுதான். உடம்பை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளிச் சட்டை. அது நனைந்தாலும் சூடு விடாது, நாலு நாள் போட்டாலும் நாறாது. மான் மூக்குக்கு அது முக்கியம். அதற்கு மேல் காற்றுப் புகாத ஒரு மேல்சட்டை. நடக்கும்போது இவ்வளவுதான். கிளம்பும்போது லேசாக நடுங்க வேண்டும். நடுங்காமல் கிளம்பினவன் அரை மணியில் வியர்த்துப்போவான், உட்கார்ந்ததும் அந்த வியர்வையே அவனுக்கு எமன். உட்காரும்போது போட்டுக்கொள்ள இறகு திணித்த தடித்த கோட்டு. எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு. இந்த நான்கில் ஒன்றைக் கழித்தாலும் மிச்சம் மூன்றும் சும்மா.

இப்போது இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். இடம் எங்கே என்று அல்ல, இடத்தைப் பற்றி.

மலைக்குள் ஒரு கிண்ணம் மாதிரிப் பள்ளம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வழி தவறிப்போய் அதற்குள் இறங்கினேன். கீழே ஒரு சின்னக் குளம், சுற்றிலும் முழங்கால் உயரப் புல், அதற்கு மேல் கருங்காடு. அன்று சாயங்காலம் நாலு திசையிலிருந்தும் ஆண் எல்க் மான்கள் மாற்றி மாற்றிக் கூவின. ஒரு மனிதத் தடம் கிடையாது, ஒரு சிகரெட் துண்டு கிடையாது. நான் கோவிலுக்குப் போகிற ஆளில்லை. அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அழுதேன் என்றும் எழுதிக்கொள்ளலாம், எனக்கு வெட்கமில்லை.

அதற்கு 'அடுக்களை' என்று பெயர் வைத்தேன். காபிக்கடையில் "நாளைக்கு அடுக்களைக்குப் போறேன்" என்று சத்தமாகச் சொன்னாலும் பக்கத்து மேஜைக்காரன் காது நிமிராது. என் மனைவி டார்லா விட்டுப்போன வருஷம்கூட நான் ஒரு செப்டம்பரைத் தவறவிட்டதில்லை. அவள் போனதற்கே காரணம் அந்தச் செப்டம்பர்கள்தான் என்று அவள் அக்கா சொல்கிறாள். இருக்கலாம்.

ஒரு எல்க்கை வீழ்த்துவது பெரிய வேலையில்லை. அதை வெட்டி, நானூறு பவுண்டு இறைச்சியையும் எலும்பையும் முதுகில் சுமந்து ஒன்பது மைல் நடந்து வண்டிக்குக் கொண்டுவருவதுதான் வேலை. என் வலது முழங்கால் ஐந்து வருஷத்துக்கு முன்னால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அதனால்தான் கோல்பியைச் சேர்த்துக்கொண்டேன். இளவயது, எருமைத் தோள், வாயைத் திறந்தால் சிரிப்பு. என் பிக்கப் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து அவனிடம் மூன்று சத்தியம் வாங்கினேன். பின்னால் மலை தெரிகிற மாதிரிப் போட்டோ எடுக்கக் கூடாது. கட்டின மனைவியிடம்கூட இடத்தைச் சொல்லக் கூடாது. வண்டியை எப்போதும் நொண்டிக்கழுதை ஓடை முனையில்தான் நிறுத்த வேண்டும்.

அந்த மூன்றாவது சத்தியம் எல்லா வேட்டைக்காரனுக்கும் தெரிந்த தந்திரம்தான். நொண்டிக்கழுதை ஓடைக்கும் அடுக்களைக்கும் சம்பந்தமே கிடையாது. வண்டியை அங்கே நிறுத்தி, இருட்டோடு இருட்டாக வேறு பக்கம் ஒரு கணவாய் ஏறி, மூன்று மணி நேரம் கூடுதலாக நடந்து போவோம். வண்டியைப் பார்க்கிறவன் நொண்டிக்கழுதை ஓடையில் போய்த் தேடிவிட்டு, வெறுங்கையோடு எங்களைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான். இதற்காகக் கோல்பி ஜனெலிடமும் "நொண்டிக்கழுதைக்குப் போறேன்" என்றுதான் சொல்லிவிட்டு வருவான். நல்ல பையன். அந்தச் சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றினான்.

முதலாவதில்தான் கோட்டை விட்டான்.

போன செப்டம்பரில் ஒரு பெரிய ஆண் மானை அடித்தான். கொம்பில் பக்கத்துக்கு ஆறு கிளை. நான் குளத்தில் கை கழுவப் போன நேரத்தில் கேமராவைக் கல்லின் மேல் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். அதை வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போகேனில் இருக்கிற மச்சினன் கிப்புக்கு அனுப்பினான். கிப் அதை இன்டர்நெட்டில் போட்டான். பத்து நாள் கழித்து வாஷிங்டன் மாநில வண்டியில் வந்த இரண்டு பேர் என் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு போனை நீட்டினார்கள். கோல்பி பல்லைக் காட்டிக்கொண்டு மண்டிபோட்டிருக்கிறான். அவன் தலைக்குப் பின்னால் அடுக்களையின் மேல்விளிம்பு, பாறைக்குப் பாறை அப்படியே தெரிகிறது.

"அண்ணே, இந்த மலை எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்றான் ஒருவன்.

"ஐடஹோ மாதிரில்ல இருக்கு? நீங்க நூறு மைல் தள்ளி வந்துட்டீங்க தம்பி" என்றேன். இரண்டு பேருக்கும் தடித்த சாக்ஸ் விற்று, பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்கு வழியும் சொல்லி அனுப்பிவைத்தேன். சிரித்தபடிதான் அனுப்பினேன். அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

கோல்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, போட்டோவை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துவிடும்படி கிப்பிடம் சொன்னான். மன்னிப்பும் கேட்டான். நானும் மன்னித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். இந்த ஆகஸ்டில் கடைக்கு வந்து, தொங்கவிட்ட கையுறைகளைத் தடவிப் பார்த்தபடியே பேச்சை எடுத்தான்.

"மெர்ல், ஒண்ணு கேப்பேன், திட்டக் கூடாது."

"திட்டுற மாதிரி இருந்தா கேக்காத."

"கிப் ரொம்ப ஆசப்படுறான். ஒரே ஒரு தடவ அடுக்களைக்குக் கூட்டிட்டுப் போகலாமா? அவன் கண்ணக் கட்டிக்கூடக் கூட்டிட்டுப் போவேன்."

"கண்ணக் கட்டினா மூக்கு இருக்கேடா அவனுக்கு."

சிரித்தான். "அது நம்ம சொத்தா மெர்ல்? அரசாங்க நிலம்தானே. எல்லாருக்கும் பொதுதானே."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. சட்டப்படி அது பொது நிலம், உங்களுக்கும் எனக்கும் கிப்புக்கும் சொந்தம். எனக்கு வயிறு எரிந்தது. பத்தொன்பது வருஷத்தை ஒரு வாய்ச் சிரிப்பில் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டானே என்று எரிந்தது. கையுறைகளைத் திரும்ப வரிசைப்படுத்துகிற மாதிரி பாவனை பண்ணினேன்.

"இந்த வருஷம் நாம ரெண்டு பேரும் போவோம். கிப்ப அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "நீங்க தங்கம் மெர்ல்" என்றான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், வியாழன் மதியம், என் கராஜில் தரையில் நீலத் தார்ப்பாயை விரித்தோம். வருஷா வருஷம் செய்கிறதுதான். இளையவன் தன் பையைக் கவிழ்த்துக் கொட்டுவான். மூத்தவன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரிப்பான். இளையவன் எதிர்த்துப் பேசக் கூடாது. பையைத் தராசில் தொங்கவிட்டேன். ஐம்பத்தெட்டு பவுண்டு.

"யாரு பொணத்தடா உள்ள வெச்சிருக்க?" என்றேன்.

"ஜனெல் வெச்சதெல்லாம் எடுக்க மனசு வரல."

ஒரு ஜாடி வேர்க்கடலை வெண்ணெய், மடக்கு நாற்காலி, மூன்று ஜோடி சாக்ஸ், ரப்பர் நாற்றம் அடிக்கிற கனத்த மழைக்கோட்டு. பல்தேய்க்கிற பிரஷ்கூட முழு நீளத்துக்கு இருந்தது. அதன் கைப்பிடியை ஒடித்துப்போட்டேன். இந்த ஊரில் அவுன்ஸ் கணக்குப் பார்க்காதவனை வேட்டைக்காரன் என்று யாரும் மதிக்க மாட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே தன் ஜட்டியின் லேபிளை வெட்டி எறிந்தான்.

திட்டத்தை நான்தான் சொன்னேன். அவன் வெள்ளிக்கிழமை முன்னால் போய் அடுக்களையைப் பிடித்துவிட வேண்டும். நான் ஞாயிறு மதியத்துக்குள் வந்து சேருவேன். கூடாரம், அடுப்பு, அவனுடைய இறகுக்கோட்டு, மழைக் கால்சட்டை, எல்லாம் என் பையில் வரும். அவன் மேலே கட்டிக்கொள்ள ஒரு துண்டுத் தார்ப்பாலினும், லேசான தூக்கப்பையும், உடம்பில் இருக்கிற கம்பளியுமாகப் பறந்துகொண்டு போகலாம்.

"மழை வந்தா?" என்றான்.

"திங்கள் வரைக்கும் வெயிலுன்னு போட்டிருக்கான். அப்படியே வந்தாலும் இந்தா, என் கோட்டப் போட்டுக்கோ." நான் போட்டதிலேயே நல்ல மழைக்கோட்டு அது. பதினோரு அவுன்ஸ். அவன் ரப்பர்க் கோட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கையில் வாங்கி முகர்ந்து பார்த்தான்.

"வாசனையா இருக்கே."

"கிளம்பறதுக்கு முன்னால நீரோடையில ரெண்டு அலசு அலசு. இல்லாட்டி மான் ஓடிரும்."

கடைசியாக அந்தச் சின்னக் கருவி. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிறது, ஆபத்து என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் ஹெலிகாப்டர் வரும். பிறந்தநாளுக்கு ஜனெல் வாங்கிக் கொடுத்திருந்தாள். உறையில் ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. நான் அதை உள்ளங்கையில் வைத்து எடைபார்த்தேன்.

"இதுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா? அடுக்களைக்கு வழி இருக்கு. நீ எங்க நின்னு பொத்தான அமுக்குறியோ அந்த இடம் கம்பெனிக்காரன் மேப்புல புள்ளியா விழும். அப்பறம் கிப் எதுக்கு? ஊரே வரும்."

அவன் சங்கடமாக நெளிந்தான். போட்டோ விஷயம் அவன் மனசில் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. அதை நான் அறிவேன்.

"ஜனெல் கேட்டா?"

"எடுத்துட்டுப் போறேன்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை நான்தான் வந்துருவேனே."

அதை எடுத்து என் அலமாரித் தட்டில் வைத்தான். பை முப்பத்தொரு பவுண்டுக்கு இறங்கியிருந்தது. தோளில் மாட்டிக் குதித்துப் பார்த்து, "காத்து மாதிரி இருக்கு மெர்ல்" என்றான். கதவோரம் நின்று, "நீங்க வரல்லன்னா நான் இறங்கி வந்துரவா?" என்று கேட்டான்.

"இறங்காத. நீ எழுந்து வந்தா வேற எவனாவது உக்காருவான். என்ன ஆனாலும் நான் வர்ற வரைக்கும் இடத்த விடாத" என்றேன்.

"சத்தியமா விட மாட்டேன்" என்றான். ஒரு தடவை தவறினவன் அடுத்த தடவை எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்வான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

திங்கள் வரைக்கும் வெயில் என்று போட்டிருந்தது பள்ளத்தாக்குக்கு. மலைமுகட்டுக்கு வேறு அறிக்கை வரும், அதை நான் தினமும் பார்க்கிறவன். சனி சாயங்காலம் மழை, இருட்டினதும் பனி, ஒன்றரை அடி வரை. அப்படியே வந்தது. சனிக்கிழமை நான் வீட்டில் மிளகாய்ப் பீன்ஸ் சமைத்தேன். தகரக் கூரையில் மழை நல்ல தாளத்தோடு பெய்தது.

ஞாயிறு காலை என் பையைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடாரம், அடுப்பு, அவன் இறகுக்கோட்டு, எல்லாம் உள்ளே. நீங்களே கராஜில் பார்த்தீர்கள். முழங்கால் வலித்தது. பனியில் போனால் காலும் வழுக்கும், தடமும் விழும். என் தடத்தைப் பிடித்துக்கொண்டே எவனும் அடுக்களைக்குள் இறங்கிவிடலாம். இத்தனை வருஷம் காப்பாற்றினதை ஒரு அவசரத்தில் காட்டிக்கொடுக்க முடியுமா? பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டேன்.

மதியம் ஜனெல் போன் பண்ணினாள்.

"நீங்க போகலையா மெர்ல்? இங்கயே கொட்டுதே. அவருக்கு மெசேஜ் போட்டுப் போட்டுப் பாக்குறேன், பதிலே இல்ல."

"ஓடப் பள்ளத்துல சிக்னல் பிடிக்காதும்மா. எனக்கு முட்டி மடங்கல. அவன்கிட்ட எல்லாம் இருக்கு, கவலப்படாத. கூடாரத்துக்குள்ள சுருண்டு தூங்கிட்டிருப்பான்."

"கூடாரம் எடுத்துட்டுப் போனாரா?"

"நான்தானே பைய கட்டினேன்" என்றேன்.

அது பொய் இல்லை, பாருங்கள். பையை நான்தான் கட்டினேன். அவள் மூச்சை விட்டது போனில் கேட்டது. அந்த நிம்மதியைக் கொடுத்ததில் எனக்கும் ஒரு திருப்தி. திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டாள், மறுபடி சமாதானம் சொன்னேன். புதன் விடியலில் அவள் உங்களிடம் வந்துவிட்டாள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வண்டி நொண்டிக்கழுதை ஓடை முனையில் நின்றது. ஜனெலும் நொண்டிக்கழுதை என்றாள். என்னைக் கேட்டீர்கள், நானும் நொண்டிக்கழுதை என்றேன். அவன் என்ன உடுத்தியிருந்தான் என்று தேடுதல் குழுவுக்கு ஒரு பட்டியல் எழுதிக்கொடுத்தேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சாம்பல் நிற மெரினோ, பச்சை மேல்சட்டை, பழுப்பு மழைக்கோட்டு. "இவ்வளவு விவரமா யாரும் குடுத்ததில்ல மெர்ல்" என்று நீங்களே தோளில் தட்டினீர்கள்.

தேடின ஐந்து நாளும் ஓடை முனையில் கூடாரம் போட்டுக் காபி கொதிக்கவைத்தேன். வந்த தன்னார்வலர்களைப் பார்த்தால் கண்ணீர் வரும். ஒருவன் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு பனிக்குள் போகத் தயாராக நிற்கிறான். எனக்குப் பொறுக்குமா? கடையிலிருந்தும் வீட்டிலிருந்தும் கம்பளி, கையுறை, தொப்பி, எது இருந்ததோ அத்தனையும் கொண்டுவந்து கொடுத்தேன். என் பேச்சைக் கேட்டதால் ஒருத்தருக்கும் விரல் மரத்துப்போகவில்லை.

அங்கேதான் சிக்கிக்கொண்டேன் என்று நினைக்கிறீர்கள். தபால் போடுகிற ட்ரூடி, ஐம்பது வயதுக்காரி, இந்த ஞாயிறு காலை தனியாக மேல்முகட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். கையில் ஒரு செய்திக் கருவிகூட இல்லை. "ஏம்மா, கீழ விழுந்தா யாருக்குச் சொல்லுவ?" என்று கேட்டுவிட்டு, கராஜ் தட்டிலிருந்து அள்ளிவந்த பெட்டியில் கைவிட்டு, அகப்பட்டதை அவள் கையில் திணித்தேன். பழக்கதோஷம். அவள் முகட்டில் ஏறி அதை ஆன் பண்ணினதும் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்ததாம். கோல்பியின் பெயருக்கு ஜனெல் எட்டு நாளாக அனுப்பினது அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. "எங்க இருக்கீங்க?" "பதில் போடுங்க, ஒரு வார்த்த போதும்." "கதவத் திறந்துதான் வெச்சிருக்கேன்." ட்ரூடி அழுதுகொண்டே இறங்கிவந்து உங்களிடம் கொடுத்தாள்.

அதைக் கொடுத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. ஒரு பெண் தனியாக அந்த முகட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் மனசு ஆறியிருக்காது.

நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன். கோட்டில் ஏன் அந்த வாசனை என்று கேட்டீர்கள். கோல்பி வியாழன் ராத்திரி ஜனெலிடம், "மெர்ல் கோட்டுல பூ வாசன வருது" என்று சொல்லிச் சிரித்தானாம். ஆமாம். துணி மெத்தென்று ஆவதற்காக ஊற்றுவார்களே, அந்த வாசனைத் திரவத்தைப் போட்டு அந்தக் கோட்டை மூன்று தடவை துவைத்தேன். மழைக்கோட்டுக்கு அதைவிட மோசமான சாமான் கிடையாது. ஒரே துவையலில் தண்ணீர் ஒட்டாத தன்மை போய்விடும், மூன்று துவைத்தால் சமையலறைத் துணி மாதிரி மழையைக் குடிக்கும். கோட்டு வாங்குகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லித்தான் பில் போடுவேன். அவனுக்கும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன், மறந்துவிட்டான். அழுக்குக் கோட்டைக் கொடுக்கக் கூடாதே என்றுதான் துவைத்தேன் என்று நேற்று சொன்னேன். அப்படியே எழுதினாலும் எழுதிக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் விடுங்கள். தெரிந்துதான் செய்தேன்.

அவன் எவ்வளவு நேரம் தாங்கியிருப்பான் என்றும் கேட்டீர்கள். கம்பளி நல்ல கம்பளி. சனி ராத்திரியைத் தாண்டியிருப்பான். ஞாயிறு பூராவும் நான் வருவேன் என்று கணவாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். திங்களும் இருந்திருக்கலாம். எழுந்து நடந்திருந்தால் பிழைத்திருப்பான், இறங்கு வழி அவனுக்கு அத்துப்படி. ஆனால் இடத்தை விட மாட்டேன் என்று சொல்லியிருந்தான். புதன் காலை உங்கள் ஹெலிகாப்டர் நொண்டிக்கழுதை ஓடையின் மேல் சுற்றியபோது, காற்று அந்தப் பக்கம் அடித்திருந்தால், அவனுக்குச் சத்தம் கேட்டிருக்கவும் கூடும். அவனை எனக்குப் பிடிக்கும்.

ஆக, கோல்பி ராஸ்க்கைக் கொன்றது நான்தான். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காபி இரண்டு தடவை கொடுத்தீர்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

காலையிலிருந்து நாலு தடவை அந்த மலை வரைபடத்தை என் முன்னால் விரித்து வைத்துவிட்டீர்கள். ஜனெல் உள்ளே வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வேற எதுவும் வேண்டாம் மெர்ல். அவர் எங்க இருக்கார்னு விரல மட்டும் வைங்க" என்றாள். அவள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நான் விரல் வைத்தால் அறுபது பேர் போவார்கள். அறுபதில் ஐம்பது பேர் வேட்டைக்காரர்கள், ஒவ்வொருவன் பாக்கெட்டிலும் போன் இருக்கிறது. வில் சீசன் முடிய இன்னும் நாலு வாரம் மிச்சம், அதற்குப் பிறகு துப்பாக்கி சீசன். அதைக் காப்பாற்றத்தான் கோல்பியே அங்கே இருக்கிறான். அவனுக்குத் துரோகம் பண்ணச் சொல்கிறீர்கள்.

நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து முடிந்த ஞாயிறோடு எல்லா சீசனும் முடிகிறது. அதற்கு மறுநாள் காலை நானே கூட்டிக்கொண்டு போகிறேன், உங்களையும் ஜனெலையும் மட்டும். அதற்குள் பனி இடுப்பளவு ஏறிவிடும். ஜனெல் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். என்னென்ன போட்டுக்கொள்ள வேண்டும் என்று நானே பார்த்து எடுத்துவைக்கிறேன்.